ஓட்டை இலைத் தைலம்

5 ஜூலை 2020

அக்கா,

நான்தான், நேப்பியா. உறையைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். பிரிக்காமல் அடுப்பில் போடுவதாக இருந்தால் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டுப் போடு. காரியம் அங்கேதான் இருக்கிறது.

உள்ளே வந்து ஐந்து மாதம் ஆகிறது. அதில் பாதி நாள் கொரோனா என்று கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். பார்க்க யாரும் வரக்கூடாது என்று உத்தரவு. மற்றவர்கள் எல்லாம் கத்தினார்கள். எனக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை, எப்படியும் யாரும் வரப்போவதில்லை. என் அறைக்காரன் மோசேசே என்று ஒரு டோங்கா தீவு ஆள். அறுபது வயது. அவனுக்கும் யாரும் வருவதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து, வராதவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

ஒரு வேடிக்கை கேள். சட்டம் மாறிவிட்டது. மூன்று வருடத்துக்குக் குறைவான தண்டனைக்காரர்கள் இனி ஓட்டுப் போடலாம். எனக்கு இரண்டரை. பெயர் பதிய ஒரு பெண் வந்திருந்தாள்.

"இதுக்கு முன்னால எத்தன தடவ போட்டிருக்கீங்க?"

"ஒரு தடவகூட இல்ல."

"ஏங்க?"

"யாரும் என்கிட்ட எதுவும் கேட்டதில்லயே."

இந்த முறை கேட்கிறார்கள். கஞ்சாவைச் சட்டப்படி விடலாமா வேண்டாமா என்று நாட்டில் எல்லாரிடமும் கேட்கிறார்கள். கஞ்சா வளர்த்ததற்காக உள்ளே இருக்கும் என்னிடமும் கேட்கிறார்கள். மோசேசே சிரித்துச் சிரித்துக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். டிசம்பர் தொடக்கத்தில் என் பரோல் விசாரணை. போக ஒரு வீடு இருந்தால்தான் விடுவார்கள். அந்த வீட்டில் இருப்பவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா வீட்டு முகவரியைக் கொடுக்கலாமா? அங்கே இப்போது இருப்பது நீயும் மனாயாவும்தான். பின்கட்டு அறை போதும் எனக்கு. சரி என்றோ இல்லை என்றோ ஒரு சொல் எழுது.

நேப்பியா

*

19 ஜூலை 2020

நேப்பியா,

பிரித்தேன். முழுவதும் படித்தேன். அடுப்பில் போடவில்லை. இந்த வருடம் விறகெல்லாம் ஈரம், உன் கடிதத்தைப் போட்டு மூட்டினாலும் பற்றாது.

ஒரு சொல் கேட்டாய். இல்லை.

காரணமும் சொல்கிறேன், பின்னால் ஊரெல்லாம் அக்கா கல்நெஞ்சுக்காரி என்று பேசாதே. என் மகன் மனாயாவுக்கு இருபத்துநான்கு வயது. இருபத்திரண்டாவது வயதில் மூன்று மாதம் சுவரோடு பேசிக்கொண்டிருந்தான். நான் சமைத்ததில் விஷம் இருக்கிறது என்று சொல்லி, வாழைப்பழத்தை மட்டும் தானே உரித்துத் தின்றான். நகரத்து மருத்துவமனையில் அவனை விட்டுவிட்டு நான் பள்ளிக்கூட பஸ்ஸைக் காலியாக ஓட்டிக்கொண்டு வந்த நாள் உனக்குத் தெரியாது. டாக்டர் முதலில் கேட்டதே "கஞ்சா புகைப்பானா?" என்றுதான். எங்கே கிடைக்கிறது என்று அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், வீட்டுக்குப் பின்னால் ஓடையைத் தாண்டினால் கிடைக்கும்.

இப்போது மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறான். நண்டுப் படகில் வேலைக்குப் போகிறான். போன வாரம் நான் வைத்த குழம்பை உப்பு இல்லை என்று குறை சொன்னான். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு. இந்த நேரத்தில் உன்னைக் கொண்டுவந்து பின்கட்டில் வைக்கச் சொல்கிறாய்.

அம்மா வீடு என்று எழுதியிருக்கிறாய். அம்மாவின் கடைசி ஐந்து வாரம் அந்த வீட்டில் நீ இல்லை. ஜாமீனில் நகரத்தில் இருந்தாய். நான்தான் இருந்தேன். வலிக்கு மார்ஃபின் மருந்து கொடுத்தால் அம்மாவுக்கு வாந்தி, ஆளும் தெரியாது, அதனால் வேண்டாம் என்றுவிட்டாள். நீ தினமும் தேய்த்துவிடுவாயே அந்தக் கவகவா இலைத் தைலம், அது மூன்றே நாளில் தீர்ந்துவிட்டது. ஜாடியைக் கழுவி நானே காய்ச்சி ஊற்றினேன். அம்மா சொல்லிக்கொடுத்தபடி, புழு கடித்து ஓட்டை விழுந்த இலையாகத் தேடித் தேடிப் பறித்தேன். புழுவுக்குத்தான் மருந்துள்ள இலை தெரியும் என்பாளே. வயிற்றிலும் இடுப்பிலும் காலையும் மாலையும் தேய்த்தேன். "நல்லா இருக்கு மகளே" என்றாள். இருந்தாலும் அவளுக்குத் தூக்கமே இல்லை. நோய் முற்றிவிட்டது என்றாள் நர்ஸ்.

அம்மாவின் கல்லறைக் கல் கொட்டகையில் இருக்கிறது, போர்வை சுற்றி வைத்திருக்கிறேன். ஈஸ்டருக்குத் திறப்பதாக இருந்தது, ஊரடங்கு வந்து கெடுத்தது. இப்போது அக்டோபரில், தொழிலாளர் தின விடுமுறையில் திறக்கிறோம். பெற்ற பிள்ளைகள்தான் போர்வையை இழுக்க வேண்டும். நான் ஒருத்தியே இழுத்துக்கொள்கிறேன்.

ஹீரியா

*

2 ஆகஸ்ட் 2020

அக்கா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மோசேசேவுக்குக் கடிதம் வருவதே இல்லை என்பதால் எனக்கு வருவதை அவனுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுவது வழக்கம். இதுதான் முதல் கடிதம், அதற்குள் என்ன வழக்கம் என்று கேட்காதே. முடிவு வரைக்கும் கேட்டுவிட்டு, "திட்டறதுக்காவது ஒருத்தி இருக்காளேப்பா உனக்கு" என்றான். உண்மையாகத்தான் சொன்னான்.

மனாயாவுக்கு நான் ஒரு இலைகூடக் கொடுத்ததில்லை. இதை உன்னிடம் ஏற்கெனவே சொன்னேன், நீ நம்பவில்லை. என் தோட்டத்திலிருந்து அவனே எடுத்தானா? எடுத்திருக்கலாம். ஓடைக்கு அந்தப் பக்கம் பூட்டா போட முடியும்? அவன் சுவரோடு பேசிய காலத்தில் நான் தோட்டத்தில் போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் பிடுங்கி எறியலாமா என்று நினைத்தேன். பிடுங்கவில்லை. என் செடிக்காகக் காத்திருந்தவர்கள் பதினோரு பேர். எல்லாரும் நோயாளிகள். உன் பஸ்ஸில் வருகிற பிள்ளைகளின் வீட்டுப் பெரியவர்களும் அதில் உண்டு. ஊரில் என்னை 'பச்சைத் தேவதை' என்று கேலி செய்தது உனக்கும் தெரியும். தாடி வைத்த தேவதை.

ஆனால் ஒன்று சொல், அக்கா. மனாயா புகைத்தபோது சட்டம் இருந்தது அல்லவா? அது அவனைக் காப்பாற்றியதா? மரம் வெட்டுகிற வேலையில் இருபது வருடம் இருந்தேன். வெள்ளிக்கிழமை பீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியின் பல்லை உடைத்தவர்களோடு வேலை செய்தேன். அந்த பீரைக் கடையில் வரிசையாக அடுக்கி விற்கிறார்கள். தலைநகரத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் மாடியில் உட்கார்ந்து புகைத்தால் போலீஸ்காரர் "பாத்துப்பா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். இங்கே என் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தால் ஒரு மேசைக்கு ஒரு வெள்ளை முகம் இருக்கிறதா என்று எண்ண வேண்டியிருக்கிறது.

தைலத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த இடத்தை நாலு முறை படித்தேன். மோசேசேவுக்கு அதை மட்டும் படித்துக் காட்டவில்லை.

இங்கே இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே. நீ நன்றாகத்தான் காய்ச்சியிருப்பாய், அக்கா.

முகவரி விஷயத்தை இன்னொரு முறை யோசி. கல்லைத் திறக்க நான் வர முடியாது, தெரிகிறது. திறந்த பிறகாவது ஒரு நாள் வந்து அதன் பக்கத்தில் உட்கார வேண்டும்.

நேப்பியா

*

23 ஆகஸ்ட் 2020

நேப்பியா,

ஓட்டு தள்ளிப்போய்விட்டது. செப்டம்பரில் இல்லை, அக்டோபர் பதினேழு. அங்கேயும் சொல்லியிருப்பார்கள்.

மராய்ப் பொதுக்கூடத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள், இந்த வாக்கெடுப்பைப் பற்றிப் பேச. நகரத்திலிருந்து ஒரு பெண் வந்து வண்ணத்தாள் கொடுத்தாள். அனுமதித்தால் வீட்டுக்கு இத்தனை செடி, கடையில் இத்தனை கிராம், வயது இருபது என்று கணக்கெல்லாம் சொன்னாள். நான் எழுந்து பேசினேன். பேசியதே இல்லை நான், உனக்குத் தெரியும். பஸ்ஸில் "உட்காருங்கடா" என்பதோடு சரி. என் மகனைப் பற்றிச் சொன்னேன். பெயர் சொல்லாமல்தான் சொன்னேன், ஆனால் இந்த ஊரில் பெயர் சொல்லாமல் எதைச் சொல்ல முடியும்?

மீன் கடை டங்கிவை சும்மா இருப்பாளா. நம் ஒன்றுவிட்ட தங்கை என்ற உரிமை வேறு.

"ஹீரியாக்கா, ஒன் தம்பி கம்பிக்குள்ள இருக்கான். நீ இங்க நின்னுகிட்டு இன்னும் பூட்டு போடுங்கறியே."

"ஒரு பிள்ள போனது போதாதா? இன்னும் நாலு பிள்ளைங்க ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?"

"எங்கப்பாவுக்கு நடுக்கம் நின்னு சூப்பு குடிச்சது நேப்பியாண்ணன் குடுத்த எண்ணெயிலதான். அவன் போனப்பறம் அப்பா கரண்டியத் தொடல."

அப்போது பின்னால் யாரோ எழுந்தார்கள். மனாயா. படகிலிருந்து நேராக வந்திருந்தான், ரப்பர் பூட்ஸோடு. மராய்க்குள் பூட்ஸோடா வருவது என்று திட்ட வாயெடுத்தேன். அவன் பேச ஆரம்பித்துவிட்டான்.

"அம்மா சொன்ன பையன் நான்தான். எல்லாருக்கும் தெரியும், என்னத்துக்கு மறைக்கணும்? எனக்கு அது ஆகாது, நான் தொடமாட்டேன். ஆனா எனக்குக் கிறுக்குப் பிடிச்சப்ப அம்மா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. போலீஸ்கிட்ட கூட்டிட்டுப் போயிருந்தா நானும் இப்ப மாமா பக்கத்துல உக்காந்திருப்பேன். நான் 'சரி'ன்னுதான் போடப்போறேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூட்டம் முடியும்வரை இருக்கவில்லை. வெளியே போய் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

என் வயிற்றில் பிறந்தவனே உன் பக்கம் போய்விட்டான். ஊரும் உன் பக்கம். நீ உள்ளே உட்கார்ந்துகொண்டே எல்லாரையும் வாங்கிவிட்டாய். சரி, ஊருக்கு நீ தேவதையாகவே இரு. நான் கேட்பது ஒன்றே ஒன்று. உன் செடியால் நம் வீட்டில் ஒரே ஒரு ஆளுக்காவது நல்லது நடந்ததா? நம் வீட்டில், நேப்பியா. ஒரு பெயர் சொல்.

ஹீரியா

*

30 ஆகஸ்ட் 2020

அக்கா,

பெயர் கேட்டாய். அம்மா.

அந்த ஜாடியில் இருந்தது கவகவா இல்லை. என் செடி. பன்றிக் கொழுப்பில் போட்டு மூன்று மணி நேரம் மெல்லிய தீயில் வைத்து நான் காய்ச்சியது. மணம் தெரியாமல் இருக்க மேலே கொஞ்சம் கவகவா. வயிற்றில் தேய்ப்பேன், கரண்டி நுனியில் கொஞ்சம் நாக்குக்குக் கீழேயும் வைப்பேன். எட்டு மாதம் அம்மா தூங்கியது அதனால்தான். எழுந்து உட்கார்ந்து பாவாச் சிப்பிப் பணியாரம் கேட்டாளே, நீகூட நர்ஸிடம் பெருமையாகச் சொன்னாயே, அதுவும் அதனால்தான். உனக்குத் தெரிந்தால் ஜாடியைத் தூக்கி எறிந்துவிடுவாய் என்று அம்மாதான் கவகவா என்று சொல்லச் சொன்னாள்.

கொட்டகையில் இன்னும் ஆறு ஜாடி இருந்தது. போலீஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனது. அம்மா அறையில் இருந்தது மூன்று நாளைக்குத்தான் வந்தது.

அதன் பிறகு நீ தேய்த்தது வெறும் இலை.

நேப்பியா

*

20 செப்டம்பர் 2020

அக்கா,

கடிதம் கிடைத்ததா?

இங்கே தபால் செவ்வாயும் வெள்ளியும் கொடுப்பார்கள். ஆறு முறை கொடுத்துவிட்டார்கள். என் பெயர் வரவில்லை. பெயர் கூப்பிடுகிற காவலர் இப்போதெல்லாம் என் கதவைத் தாண்டும்போது மெதுவாக நடக்கிறார், பாவம், நல்ல மனிதர்.

மோசேசேயை வேறு கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது அவன் போர்வையை மடித்து என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனான். அறையில் இப்போது நான் மட்டும். பேச்சுக்குப் பழகிவிட்ட வாய், சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. உன் பழைய கடிதங்களை எடுத்துச் சத்தமாகப் படிக்கிறேன். நீ திட்டுகிற இடங்கள் நன்றாக வருகின்றன.

முகவரி வேண்டாம். அதை விடு. நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் ஒரு வரி எழுது. நீயே எழுதாவிட்டால் மனாயாவையாவது எழுதச் சொல்.

நேப்பியா

*

4 அக்டோபர் 2020

தம்பி,

நன்றாக இல்லை.

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டு படித்தேன். பிறகு அந்த ஜாடியை எடுத்தேன். அதில் இப்போது பொத்தான் போட்டு வைத்திருக்கிறேன். பொத்தான்களைக் கொட்டிவிட்டு மூடியை முகர்ந்து பார்த்தேன். என் இலையின் மணம்தான் அடித்தது. உன்னுடையதை நான் அவ்வளவு சுத்தமாகக் கழுவியிருக்கிறேன்.

அந்த ஐந்து வாரத்தைப் பற்றி உனக்கு நான் முழுவதும் எழுதவில்லை. அம்மா தலையணை உறையைக் கடித்துக் கடித்து ஓரமெல்லாம் கிழிந்துவிட்டது. நான் தேய்க்கத் தேய்க்க "நல்லா இருக்கு மகளே, நல்லா இருக்கு" என்றாள். இலை போதவில்லையோ என்று நினைத்து இன்னும் தேடிப் போனேன். ஓடை வரைக்கும் போனேன். பிடுங்கிப் போட்ட உன் செடிகளின் தண்டு காய்ந்து கிடந்தது. அதன் மேலேயே மிதித்து அந்தப் பக்கம் போய்க் கவகவா பறித்தேன். அம்மாவுக்கு வேண்டியது என் காலடியில் கிடந்திருக்கிறது.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டபிறகு நீ எனக்கு எழுதமாட்டாய். பரவாயில்லை.

போன் செய்தது நான்.

போன வருடம் மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை. பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி பஸ்ஸோடு வந்துகொண்டிருந்தேன். முந்தின நாள் மனாயாவின் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் கிடைத்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலே மாதம். நம் ஊரில் போன் எடுக்காது, மேட்டில்தான் எடுக்கும். மேட்டில் பஸ்ஸை நிறுத்தினேன். பேசினேன். கோழிக்கூட்டுக்குப் பின்னால், ஓடையைத் தாண்டி, விழுந்த பைன் மரத்துக்கு இடப்பக்கம் என்று வழி சொன்னேன். அவர் திரும்பக் கேட்டார், நான் திரும்பச் சொன்னேன். செடியைப் பிடுங்குவார்கள், உன்னைக் கொஞ்சம் மிரட்டுவார்கள் என்று நினைத்தேன். இரண்டரை வருடம் என்று நினைக்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன், தம்பி. அதை இப்போதும் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. மகனுக்காகச் செய்தேன், அது அம்மா தலையில் விழுந்தது.

ஒன்றரை வருடமாக உன் மேல் கோபமாக இருந்தேன். கோபம் குறைந்துவிட்டால் இதைச் சொல்ல வேண்டிவரும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

ஹீரியா

*

12 அக்டோபர் 2020

அக்கா,

எனக்குத் தெரியும்.

அன்றைக்கே தெரியும். சனிக்கிழமை காலை ஆறு பேர் வந்தார்கள். நம் ஊர்க்காரனே அந்த ஓடையில் வழி தவறுவான். இவர்கள் ஒரு இடத்தில்கூட நிற்காமல் விழுந்த பைன் மரத்துக்கு இடப்பக்கம் நேராகத் திரும்பினார்கள். அந்த வழி தெரிந்தது இரண்டே பேருக்கு என்றுதான் அன்றைக்கு நினைத்திருந்தேன். நான் போன் செய்யவில்லை. நீ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய். வீட்டில் அவ்வளவு களேபரம், நீ திரும்பியே பார்க்கவில்லை. ஒரே தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாய்.

அம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தச் சின்னப் போலீஸ்காரன் நம் இனத்துப் பிள்ளை, மரியாதை தெரிந்தவன். அம்மாவிடம் விடைபெற விட்டான். நாற்காலி முன்னால் மண்டியிட்டு மூக்கோடு மூக்கு வைத்தேன். அம்மா என்னைப் பிடித்துவைத்துக்கொண்டு காதில் சொன்னாள்:

"அவ பிள்ளைக்காகப் பண்ணிட்டா. ஜாடியில இருக்கறது என்னன்னு அவகிட்ட சொல்லிடாத. தெரிஞ்சா அவ பொழைக்கமாட்டா. இலைன்னே இருக்கட்டும்."

சரி என்றேன். நான் அம்மாவிடம் கடைசியாகச் சொன்ன சொல் அது. அடுத்தமுறை பார்த்தபோது அவள் மராயில் பெட்டிக்குள் படுத்திருந்தாள்.

அந்தச் சொல்லை ஒன்றரை வருடம் காப்பாற்றினேன். விசாரணையில் வக்கீல், "அம்மாவுக்கு மருந்துன்னு சொன்னா நீதிபதி கொஞ்சம் இரங்குவாருங்க" என்றார். நீ பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ ஒரு பெயர் கேட்டாய், நான் எழுதிவிட்டேன். தெரியாமல் எழுதவில்லை. உனக்கு வலிக்கட்டும் என்றுதான் எழுதினேன். 'வெறும் இலை' என்று எழுதிவிட்டு, நல்ல அடி என்று சந்தோஷப்பட்டேன். உறையை ஒட்டிக் கொடுத்த பிறகு, திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று காவலரிடம் கேட்டேன். பை போய்விட்டது என்றார்.

நீ போன் செய்தாய், பிள்ளைக்காக. நான் எழுதியது யாருக்காகவும் இல்லை. எனக்காக மட்டும்.

அந்தப் பொட்டலம் என் செடிதான், அக்கா. மனாயா இப்போது எனக்கு எழுதுகிறான், அவனே சொன்னான். நீ நினைத்தது சரி.

அம்மாவுக்கு அந்த ஐந்து வாரம் வலித்தது உண்மை. அவள் அதைத் தெரிந்தே எடுத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஜாமீனை மீறி எங்கிருந்தாவது கொண்டுவந்திருப்பேன். நீ காய்ச்சியதை நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டு படுத்திருந்தாள். உன் கை படவேண்டும் என்று இருந்திருக்கலாம்.

போன வாரம் ஓட்டுப் போட்டேன். கைதிகளுக்கு முன்னாடியே நடத்திவிட்டார்கள். முதல் ஓட்டு. எதில் குறி போட்டேன் என்று உனக்கே தெரியும், அதில் நான் மாறவில்லை. இருபத்தைந்தாம் தேதி கல் திறக்கும்போது காலை பத்து மணி இருக்குமா? அந்த நேரத்தில் இங்கே எழுந்து நிற்கிறேன்.

நேப்பியா

*

8 நவம்பர் 2020

தம்பி,

ஓட்டு விஷயம் முடிந்துவிட்டது. முதலில் எண்ணியபோது நல்ல வித்தியாசத்தில் 'வேண்டாம்' என்றார்கள். பிறகு வெளிநாட்டு ஓட்டு, உங்கள் ஓட்டு எல்லாம் சேர்த்து எண்ணினார்கள். வெள்ளிக்கிழமை வானொலியில் சொன்னார்கள். அப்போதும் வேண்டாம்தான், ஆனால் மயிரிழையில். டங்கிவை கடையை அரை நாள் மூடிவிட்டாள். மனாயா வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். நான் 'வேண்டாம்' என்றுதான் போட்டேன். தடுப்புக்குள் போய் வெகு நேரம் நின்றேன். வெளியே ஒருத்தி "ஹீரியா, தூங்கிட்டியா?" என்று கேட்டாள். அம்மாவின் தலையணையை நினைத்தேன். மனாயா பழத்தை உரித்துத் தின்றதையும் நினைத்தேன். உயிரோடு இருப்பவன் பக்கம் கை போய்விட்டது. நீ என்னைத் திட்டலாம்.

கல்லைத் திறக்கவில்லை. விடுமுறைக்கு ஆக்லாந்திலிருந்துகூட ஆள் வந்திருந்தார்கள். மாட்டிறைச்சி, கூமராக் கிழங்கு எல்லாம் அடுப்பில் ஏறிவிட்டது. கல்லறைக்குப் போய், அங்கே நட்டிருந்த கல்லின் போர்வையில் கை வைத்தேன். இழுக்க முடியவில்லை. பெரியப்பா கேட்டார்.

"என்னம்மா, முடிச்சு மாட்டிக்கிச்சா?"

"இல்ல பெரியப்பா. இன்னொரு கை வரணும்."

"எப்ப வரும்?"

"தெரியல."

பிறகு அவரே பாட்டை ஆரம்பித்தார். எல்லாரும் பாடிவிட்டு, மராய்க்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, திறக்காத கல்லுக்கு வந்த முதல் கூட்டம் இதுதான் என்று சிரித்துக்கொண்டே போனார்கள். போர்வையோடுதான் நிற்கிறது, மழையில் நனைந்துகொண்டு.

போன செவ்வாய்க்கிழமை பரோல் அலுவலர் வந்தார். நான்தான் மனாயாவை விட்டு அவருக்குப் போன் செய்யச் சொன்னேன், மேட்டுக்குப் போய். அந்த மேட்டில் எனக்கு இனி போன் எடுக்கக் கை வராது. சின்ன வயதுப் பெண், தேநீர்கூட வேண்டாம் என்றாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பின்கட்டு ஜன்னல் திறக்கிறதா என்று பார்த்தாள். வீட்டில் புகை இருக்கக்கூடாது என்றாள். "இருந்தா நானே உதைப்பேன்" என்றான் மனாயா. அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"உங்க தம்பி என்ன குத்தத்துக்கு உள்ள இருக்கார்னு தெரியுமா?"

"தெரியாம எப்படி? புடிச்சுக் குடுத்தவளே நான்தான்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். மனாயா எழுந்து வெளியே போனான். அவனுக்கு அதுவரை தெரியாது. கொட்டகையில் கொஞ்ச நேரம் விறகு வெட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கை நிறைய விறகோடு வந்து அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு, என் தோளைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தான்.

"அவருக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"தெரியும்."

"தெரிஞ்சும் இங்கதான் வரணுங்கறாரா?"

அவரையே கேளுங்கள் என்றேன். சம்மதம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வேண்டாம் என்று குறி போட்டதும் இதே கைதான். மனாயாவும் கீழே போட்டான். உன்னைப் பார்க்க இந்த வாரம் வருவாளாம். வேறு வீடு ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லிவிடு. டங்கிவை வீட்டில் இடம் இருக்கிறது. நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

அக்கா

*

15 நவம்பர் 2020

அக்கா,

அந்தப் பெண் வந்திருந்தாள். வேறு முகவரி உண்டா என்று இரண்டு முறை கேட்டாள். இல்லை என்று இரண்டு முறை சொன்னேன். பரோல் போர்டு டிசம்பர் மூன்றாம் தேதி உட்காருகிறது. வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லலாம், நம் நாட்டில் அதுதானே இப்போது வழக்கம். விட்டால், கிறிஸ்துமஸுக்கு முன்னால் பஸ் ஏறிவிடுவேன்.

போர்வையை மாற்றாதே. நனைந்தால் நனையட்டும். அதையே இழுக்கலாம்.

ஒரு வேலை சொல்கிறேன். சிறைக் கட்டிலில் படுத்துப் படுத்து என் இடுப்பு போய்விட்டது. முன்பு வேலையில் மரம் விழுந்து அடிபட்ட இடம். பொத்தானையெல்லாம் வேறு எதிலாவது கொட்டிவிட்டு, அந்த ஜாடியில் உன் தைலத்தைக் காய்ச்சி வை. ஓட்டை விழுந்த இலையாகப் பார்த்துப் பறி. அம்மாவின் வலிக்கு அது போதவில்லை. எனக்குப் போதும்.

தம்பி